முப்பது கஜம்

புது பல்பு எரியவில்லை. காரின் பின்விளக்குக் கிண்ணத்தின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே வெள்ளைப் பெயின்ட் அடித்து, இரண்டு நாள் காயவிட்டுப் பொருத்தியிருந்தார் வில்ஃபிரட். சுவிட்சைப் போட்டால் இருட்டு. அப்புறம்தான் உறைத்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கார். அதில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும், இந்தக் காலத்துக் கார்களுக்கு நேர்மாறாக. மின்சாரம் வரும் வழி மாறினால் எல்.இ.டி பல்பு எரியாது. பழைய கார் சங்கத்தில் முப்பது வருஷம் நடுவராக இருந்து, அடுத்தவன் வண்டியில் ஒரு திருகாணி புதுசாக இருந்தால்கூட மதிப்பெண்ணைக் குறைத்த மனிதர், நேற்று சேர்ந்தவன் செய்கிற தப்பைச் செய்திருக்கிறார்.

வேலை மேசையின் கீழ் இழுப்பறையில் இன்னொரு பல்புப் பெட்டி கிடப்பது அவருக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். அவர் பிறந்தநாளுக்குச் சுற்றிய காகிதம்கூட முழுதாகக் கிழிபடவில்லை. உள்ளே ஒரு சீட்டு. "அப்பா, பாசிட்டிவ் எர்த்துக்குன்னே கேட்டு வாங்கினேன். இனி சாக்கு சொல்ல முடியாது. நீல்."

சாக்குச் சொல்லத்தான் செய்தார். அடுத்த மாதம் போட்டி, மங்கலாக எரியும் பழைய பல்புகள் உட்பட எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்றார். கோப்பையும் கிடைத்தது. சங்கத்துக்காரர்களோடு அதைக் கொண்டாட அவர் தங்கிவிட, வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தவன் நீல். இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் தட்டை வயல்களில் நவம்பர் பனிமூட்டம். பின்னால் வந்த லாரிக்காரர் மரண விசாரணையில் சொன்னார், "முப்பது கஜத்துலதான் அந்தச் சிவப்பு கண்ணுல பட்டுது. பட்டப்ப ஒண்ணும் பண்ண முடியல." அவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது.

நசுங்கிய பின்பாகத்தை வெட்டியெறிந்து வண்டியை மறுபடி கட்டினார் வில்ஃபிரட். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது நீலின் மகள் டாம்சின், லைசென்ஸ் வாங்கிவிட்டு, அப்பா ஓட்டிய வண்டி வேண்டும் என்கிறாள். சனிக்கிழமை வருகிறாள். "அவ அதுல ஏறினா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று அவர் மனைவி மார்ஜரி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரியாதா என்ன?

நீல் வாங்கிய பல்புகள் முதல் தடவையிலேயே எரிந்தன. வில்ஃபிரட் கொஞ்ச நேரம் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது பிரேக் விளக்கு. மிதிக்க ஒருவர், பார்க்க ஒருவர் வேண்டும். முன்பெல்லாம் பார்த்துச் சொல்பவன் நீல். இப்போது துடைப்பம். அதன் நீளக் குச்சியைப் பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மூன்று வருஷத்தில் மார்ஜரி ஷெட்டுக்குள் எட்டிப் பார்ப்பது இதுவே முதல்முறை.

"என் துடைப்பம் எங்க?"

 அவளே குனிந்து பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த சீட்டைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்தைத் தொடாமல் படித்தாள்.

"இது இங்கதான் இருந்துச்சா? இத்தனை நாளும்?"

"ஆமா, மார்ஜ்."

"பாவி மனுஷா." அவள் குரல் உயரவேயில்லை. துடைப்பத்தை உருவிச் சுவரில் சாய்த்தாள். "வண்டியைப் பாதைக்கு எடு. நீ மிதி. நான் பாக்கறேன்."

மணி நாலுதான், அதற்குள் மசங்கிவிட்டது. வயலிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. அவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு காருக்குப் பின்னால் நடந்தாள், அடிகளைச் சத்தமாக எண்ணியபடி. முப்பதில் நின்றாள். வில்ஃபிரட் பெடலை இன்னும் அழுத்தினார்.

"தெரியுது" என்றாள்.

மறுபடி நடந்தாள். அறுபதில் குரல் மட்டும் வந்தது. "தெரியுது."

நூறு என்று கேட்டதுபோல் இருந்தது. அதன்பின் ஒன்றுமில்லை.

"மார்ஜ்? சனிக்கிழமை அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

  அவள் திரும்பி வர வழி தெரியட்டும் என்று பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் காட்டும் கண்ணாடியில் பனி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.