ஆணிப் பலகை

கலப்பைச் சகோதரர் சங்கத்தின் தலைமைக் கூடத்துக்கு வெர்னன் வந்தது அதுதான் முதல் தடவை. இல்லினாய் சோளக்காடுகளைத் தாண்டி, ஊர்க் கிளையிலிருந்து ஒரு பஸ் நிறையச் சகோதரர்களும் அவர்கள் பெண்டாட்டிமார்களும் வந்திருந்தார்கள். மாடியில் அருங்காட்சியகம். புதிதாகச் சேர வந்தவனை அந்தக் காலத்தில் மிரட்டிப் பார்த்த சாமான்கள் அங்கே இருந்தன. துள்ளும் மர ஆடு, சவப்பெட்டி, ஆணிப் பலகை.

பலகை இரண்டு. ஒன்றில் இரும்பாணி, மற்றதில் ரப்பர் ஆணி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இரும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, கண்ணைக் கட்டி, சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிட்டு, ஸ்டூலில் ஏற்றி, வெறுங்காலோடு அதன் மேல் குதிக்கச் சொல்வார்கள்.

"யாரு குதிக்கிறீங்க?" என்றார் சுற்றிக்காட்டிய ஆர்லோ பெரியவர்.

"நம்ம வெர்னன்தான்! கூரை மேல ஓடுற பயலுக்கு ஸ்டூல்ல என்ன பயம்?" என்றான் டெல்பர்ட். அவனும் வெர்னனைப் போலக் கூரை வேலைக்காரன், அவன் கூட்டாளி.

வெர்னன் பூட்சைக் கழற்றினான். இரும்பாணியைத் தொட்டான். விரலில் சுருக்கென்றது. கண்ணைக் கட்டி ஸ்டூலில் ஏற்றினார்கள்.

பெரியவரின் காலடி, ரப்பர் பலகை இருந்த மேசைப் பக்கம் போனது. யாரோ ஒரு அம்மாள், "கழிப்பறை எங்கேங்க?" என்றாள். அவர் வழி சொன்னார். காலடி திரும்பி வந்தது.

"குதிங்க சகோதரரே!"

மாற்றினாரா? மாற்றிய மாதிரி ஒரு அசைவும் காதில் விழவில்லையே. இந்தக் கால்தான் செங்குத்துக் கூரையில் பிடித்து நிற்கிற கால். ஆணி ஏறினால் அதோடு பிழைப்பு போச்சு.

"என்ன மாப்ள, பொண்டாட்டி வந்து தூக்கி விடணுமா?" டெல்பர்ட் கத்தினான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேரும்போது செய்த சத்தியத்தின் பேரில் கேட்டால் சகோதரன் பொய் சொல்லக்கூடாது.

"ஆர்லோ சகோதரரே, சத்தியத்தின் பேர்ல கேக்குறேன். பலகைய மாத்துனீங்களா?"

பெரியவரின் காலடி பலகைப் பக்கம் வந்து நின்றது. சிரிப்பும் நின்றுபோனது.

வெர்னன் கண்கட்டை அவிழ்த்தான். கீழே ஆணிகள், சாம்பல் நிறம். கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவர் மெல்லக் குனிந்து ஓர் ஆணியை உள்ளங்கையால் அழுத்தினார். ஆணி வளையவில்லை. கையை எடுத்துப் பார்த்தார். நடுவில் ரத்தப் பொட்டு.

"மாத்துனேனே... மாத்தலையா நான்?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார்.

வெர்னன் இறங்கப் பார்த்தான். கால் கேட்கவில்லை. டெல்பர்ட்தான் ஓடி வந்து, அவன் இடுப்பைக் கட்டிப் பின்பக்கமாக இறக்கினான். இறக்கிய பிறகும் விடவில்லை.