சாப்பிட்டீங்களா, சாப்பிட்டியா?

திரைப்படத்துக்கு அடியில் வசனம் போடுவது சுலபமான வேலை போலத் தோன்றும். உள்ளே ஒரு யந்திரமே ஓடுகிறது. நடிகை இரண்டு விநாடி பேசினால் பார்ப்பவர் கண்ணுக்கும் அந்த இரண்டு விநாடிதான். அதற்குள் வரியைப் படிக்க வேண்டும், அவள் முகத்தையும் பார்த்துவிட வேண்டும். அதனால் ஒரு வரி நாற்பது எழுத்தைத் தாண்டக்கூடாது, இரண்டு வரிக்கு மேல் அடுக்கவும் கூடாது. நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கதவு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதுதான் அங்கேயும் பாடு. புடாபெஸ்டில் எங்கள் கொரியப் படக் குழு வரிக்கு நேரம் பொருத்தும் வேலையை என் தலையில் கட்டியது அதனால்தான்.

குழு கூடும் இடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறை. முன்பு நிலக்கரி கொட்டிவைத்த இடம். முப்பத்திரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைச் சுவர். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் படம். டிராம் ஓட்டும் ரோஜி ஒரு கூடை உப்பு ரொட்டி கொண்டுவருவாள். தெஹோ ஒரு ஜாடி கிம்ச்சி, அதாவது கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய், கொண்டுவருவார். ரொட்டியை இரண்டாகப் பிளந்து கிம்ச்சியை நடுவில் வைத்துச் சாப்பிட நாங்கள் கண்டுபிடித்த நாளில் தெஹோ முகத்தில் தெரிந்த வேதனையை இன்னும் நான் மறக்கவில்லை. இப்போது அவர்தான் முதலில் பிளக்கிறார்.

தெஹோ கொரியாக்காரர். நகரத்துக்கு வெளியே ஒரு பேட்டரி ஆலையில் பொறியாளர். வசனத்தை ஹங்கேரிய மொழியில் எழுதுகிறவள் இல்திகோ. செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை. ஒன்பது வருடம் கொரியத் தொடரும் பாட்டும் கதைப்புத்தகமுமாக இருந்து அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவள். அவள் எழுதுவாள், அவர் சரிபார்ப்பார். மூன்று வருடமாக இப்படித்தான். மூன்று வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் ‘நீங்க’ என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் முதல் வாரத்திலேயே எல்லோரும் ‘நீ’க்கு வந்துவிடுவோம். அவர்கள் இருவர் மட்டும், ஒருவர் கம்பளிக் கோட்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, “நீங்க முன்னால போங்க”, “இல்லைங்க, நீங்க” என்று குளிர்காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாரம் விஷயம் முற்றியது. ஆலை தெஹோவைக் கொரியாவுக்குத் திரும்ப அழைத்திருந்தது. வருகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

“இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும், ஒட்டோ,” என்றார் என்னிடம். “கிம்ச்சி ரொட்டி காரணம் ஆகுமா?”

அந்தச் சனிக்கிழமைக்கு எடுத்திருந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற பெண், படகு ஓட்டுகிற ஆண். எழுபத்தோராவது நிமிடம் வரை மரியாதையாகவே பேசிக்கொள்கிறார்கள். அந்த நிமிடத்தில் அவள் ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: சாப்பாடு ஆயிற்றா என்று. கொரிய மொழியில் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற சொற்கள் அதிகம் வெளியே வருவதில்லை. எல்லாம் வினையின் வாலில் இருக்கிறது. வாலை வெட்டினால் மரியாதை போய்விடும், நெருக்கம் வந்துவிடும். அந்தப் பெண் வாலை வெட்டிவிட்டாள். இல்திகோவோ “சாப்பிட்டீங்களா?” என்று எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமை ஒத்திகையில் சண்டை.

“மன்னிக்கணும், நீங்க எழுதினது தப்புங்க,” என்றார் தெஹோ. “அவ வாலை வெட்டிட்டா.”

“எனக்கும் காது கேக்குதுங்க. வாய் தவறி வந்திருக்கும். அவ அப்படிப்பட்ட பொம்பளை இல்ல.”

“வாய் தவறி வர்றதுக்கு அவளுக்கு எழுபது நிமிஷம் ஆச்சுங்களா?”

“நீங்க வேணும்னா ‘சாப்பிட்டியா’ன்னு மாத்திக்குங்க. நான் மாத்த மாட்டேன்.”

“உங்க எழுத்துல நான் எப்படிங்க கை வைக்கறது?”

பக்கத்தில் ரோஜி உப்பு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு யந்திரம் நின்றுவிட்டால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. தெஹோவைத் தனியாக மடக்கிக் கேட்டேன்: ஏன் இன்னும் ‘நீங்க’?

“உங்க ஊர்ல பொம்பளைதானே முதல்ல சொல்லணும், இனிமே நீன்னே கூப்பிடலாம்னு? ஆம்பளை முந்திக்கிட்டா அது அவமரியாதைன்னு புத்தகத்துல படிச்சிருக்கேன். அவங்க சொல்லட்டும்னு மூணு வருஷமா காத்துட்டிருக்கேன்.”

பிறகு இல்திகோவிடம் போனேன்.

“கொரியாவுல வயசுல மூத்தவங்கதான் சொல்லணும், ஒட்டோ. அவர் என்னைவிட நாலு வயசு பெரியவர். நான் எப்படி வாயைத் திறக்கறது? சின்னப் பொண்ணுக்குத் திமிருன்னு நினைக்க மாட்டாரா?”

ஒரே தளத்தில் இரண்டு லிஃப்ட். இரண்டும் மற்றதற்கு வழிவிட்டு நிற்கின்றன. அவர் எங்கள் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டார், அவள் அவர் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேரும் படிக்காதவர்களாக இருந்திருந்தால் இந்நேரம் கல்யாணமே முடிந்திருக்கும்.

“நேரா போய் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடறேன்,” என்றேன் ரோஜியிடம்.

“சொல்லித் தொலைக்காத. அப்புறம் ஒட்டோ சொன்னான்னு ‘நீ’ போட்டுக்குவாங்க. அது ஒரு ‘நீ’யாடா? அவங்க வாயாலேயே வரணும். உன் மெஷின்ல ஏதாவது பண்ணு.”

பண்ணினேன். கொரியாவில் மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பாராம். ‘பியோன்சா’ என்பது அவருக்குப் பெயர். தெஹோதான் ஒருமுறை எங்களுக்குச் சொன்னார். வசனக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. படகுத்துறைக் காட்சி 612ஆம் வரியில் தொடங்கி 655இல் முடிகிறது என்று குறித்து வைத்திருந்தேன். அத்தனையையும் மறைத்தேன். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, கை பிசைந்துகொண்டு இருவரிடமும் போனேன்.

“ஃபைல் பாழாயிடுச்சு. நாலு நிமிஷத்துக்கு எழுத்து வராது. நீங்க ரெண்டு பேரும் மைக்ல பேசிடுங்களேன், பியோன்சா மாதிரி.”

தெஹோவுக்கு முகம் மலர்ந்தது. இல்திகோ என்னை ஒரு பல்லைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

அறை நிரம்பியிருந்தது. அறுபத்தெட்டாவது நிமிடத்தில் எழுத்து மறைந்தது. இருவரும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று பேசத் தொடங்கினார்கள். நன்றாகவே பேசினார்கள். தெஹோவின் ஹங்கேரிய உச்சரிப்பு படகோட்டிக்குப் பொருத்தமாகக் கரடுமுரடாக இருந்தது. ரோஜி என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

எழுபத்தொன்று. திரையில் அந்தப் பெண் படகோட்டியைப் பார்க்கிறாள். வாய் திறக்கிறாள்.

இல்திகோ திரையைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்றவரைப் பார்த்தாள்.

“சாப்பிட்டியா?”

அதே நொடி சுவரின் அடியில் பெரிய எழுத்தில் பளிச்சென்று வந்தது: சாப்பிட்டீங்களா?

என் கணக்குத்தான் பிசகியது. நான் எண்ணைக் குறித்த பிறகு அவள் ஒரு நீளமான வரியை இரண்டாக வெட்டியிருந்தாள். அதனால் பின்னால் வந்த எண்ணெல்லாம் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. காட்சியின் கடைசி வரி 655 அல்ல, 656. லிஃப்ட்டில் இப்படிச் செய்திருந்தால் யாராவது மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நின்றிருப்பார்கள்.

முப்பத்திரண்டு பேரும் எழுத்தைப் பார்த்தார்கள். பிறகு இல்திகோவைப் பார்த்தார்கள். யாரோ சீட்டி அடித்தார்கள். அவள் எழுதியது ஒன்று, வாய் சொன்னது வேறு என்பதற்கு இத்தனை பெரிய எழுத்தில் சாட்சி! அவள் காது வரை சிவந்தாள். ஆனால் மைக்கை இறக்கவில்லை.

இனி தெஹோ. படத்தில் அந்த இடத்தில் படகோட்டிக்கு வசனமே கிடையாது. தலையை மட்டும் ஆட்டுவான். திரையில் அவன் வாயை இறுக மூடிக்கொண்டு தலை ஆட்டினான்.

“இன்னும் இல்ல,” என்றது மைக். தெஹோ இல்திகோ பக்கம் திரும்பினார். “நீ?”

வாய் மூடிய படகோட்டி பேசியதும் அறையே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. மிச்சப் படத்தை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் ரோஜி இரண்டு கோப்பையில் சிவப்பு ஒயினை ஊற்றிக்கொண்டு ஓடினாள். எங்கள் ஊரில் ‘நீ’க்கு இறங்குவதென்றால் சடங்கு உண்டு: இருவரும் முழங்கையைக் கோத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

கோத்தார்கள். தெஹோ எங்கள் வழக்கப்படி அவள் கண்ணையே பார்த்தார். இல்திகோ, மூத்தவர் முன்னால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்ற கொரிய வழக்கப்படி சடக்கென்று திரும்பினாள். கோத்த கையும் கூடவே திரும்பியது. ஒயின் முழுவதும் தெஹோவின் வெள்ளைச் சட்டையில்.

“ஐயோ! நீ எதுக்கு அப்படி முறைச்சுப் பாத்த?”

“நீ எதுக்குத் திரும்பின?”

“உன் ஊர் வழக்கம்டா அது!”

“நான் பாத்தது உன் ஊர் வழக்கம்!”

மூன்று வருடத்துப் பாக்கியெல்லாம் சேர்த்து, ஒரு மூச்சில் பத்து ‘நீ’ போட்டுத் திட்டிக்கொண்டார்கள். ரோஜி உப்பை எடுத்துக் கறையில் கொட்டினாள். தெஹோ சட்டையைக் குனிந்து பார்த்தபடி கேட்டார்:

“திங்கக்கிழமை என்னன்னு எழுதட்டும்?”

“வரலன்னு எழுது,” என்றாள் இல்திகோ. “முதல்ல சட்டையைக் கழட்டு, ஊறிடப் போகுது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஒட்டோ, அந்த ஃபைலைக் கொஞ்சம் திறந்து காட்டு பாக்கலாம்.”

நான் ஏற்கெனவே வாசல்படியில் இருந்தேன்.