தவக்காலத்து பர்கர்

சாம்பல் புதனன்று கோயிலில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஈஸ்டர் வரைக்கும் எதை விடப்போகிறோம், எதைச் செய்யப்போகிறோம் என்று எழுதிப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். அம்புரோஸ் கொட்டை எழுத்தில் எழுதினான்: எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கவுச்சி கிடையாது. எழுதியதோடு விட்டானா? துறைமுகத்தில் தன்னோடு கிரேன் ஓட்டுகிறவர்கள் முதல் தெருமுனை இஸ்திரிக்காரர் வரை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தான். சமைக்கிறவளிடம் மட்டும் கேட்கவில்லை.

சமைக்கிறவள் அவன் மனைவி சாரா. தண்டையார்பேட்டையில் சட்டை தைக்கிற கம்பெனியில் காலை எட்டிலிருந்து நாலு மணி வரை மெஷினில் குனிந்திருக்கிறவள். அவளும் ஒரு சீட்டு எழுதினாள். போன நவம்பரில் மகள் ஜெமிமா டெங்குவில் ஐசியூவில் கிடந்தபோது, பிள்ளை எழுந்து வந்தால் தவக்காலத்து வெள்ளி ஒன்றுவிடாமல் கோயிலில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலையும் நடக்கிறேன் என்று மாதாவிடம் வேண்டியிருந்ததைத்தான் எழுதினாள். பிள்ளை எழுந்து வந்து கல்லூரிக்கும் போகிறது. சாராதான் ஐந்து வெள்ளி போயும் ஒரு நாள்கூட நடக்கவில்லை.

காரணம் பர்கர்.

விரதம் தொடங்கிய மறுநாளே அம்புரோஸ் தட்டைத் தள்ளினான். "இன்னாமே, வெறும் பருப்புத் தண்ணி. நாக்கே செத்துப்போச்சு." விரதம் இருக்கிறவனுக்கு நாக்கு சாகத்தானே வேண்டும்? ஆனால் நம்மாள் விரதமும் இருப்பார், நாக்கையும் சாகவிட மாட்டார். சாரா போனில் தேடி, தினையும் கீரையும் போட்டுச் செய்கிற பர்கர் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதில் முட்டை சேர்க்கச் சொல்லியிருந்தது. முட்டையும் கவுச்சிதான் என்று தீர்ப்புச் சொன்னான் அம்புரோஸ். முட்டையில்லாமல் தினை ஒட்டுமா? இரண்டு முறை கல்லில் உதிர்ந்து உப்புமாவாகிப் போனது. முதல் வெள்ளியின் சிலுவைப்பாதை அதிலேயே போயிற்று.

மூன்றாவது முறை தினையைக் குழைய வேகவைத்து, பச்சைப்பயறையும் உருளைக்கிழங்கையும் மசித்து, பொட்டுக்கடலை மாவு தூவிப் பிசைந்தாள். புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை எல்லாவற்றையும் அரைக்காமல் பொடியாக நறுக்கிப் போட்டாள். கனமாகத் தட்டி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு சிறு தீயில் சுட வேண்டும். அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை கரண்டி படவே கூடாது. சூடு காட்டிய பன்னுக்குள் வெங்காயத்தோடு வைத்துக் கொடுத்தாள். அம்புரோஸ் மூன்று தின்றான். தின்ற கையோடு அண்ணனுக்குப் போன் போட்டான்.

அப்புறம் வெள்ளிதோறும் விருந்துதான். ஒரு வாரம் அண்ணன் வீடு, ஒரு வாரம் தங்கை வீடு, ஒரு வாரம் கிரேன் தோஸ்துகள். எல்லாரும் கோயிலிலிருந்து நேராக வருவார்கள். வந்ததும் சுடச்சுட வேண்டும். ஆறு மணிக்குச் சிலுவைப்பாதைக்குக் கோயில் மணி அடிக்கும்போது சாரா கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். தின்றவர்கள், "உன் வைராக்கியம் யாருக்கு வரும் அம்புரோஸு" என்று அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். சுட்டுப் போட்டவளின் முதுகை யாரும் தட்டவில்லை. தட்டாமல் இருந்ததே நல்லது. அது ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தைய கடைசி வெள்ளி இன்று. இன்றைக்காவது கோயிலுக்குப் போகிறேன் என்று திங்கட்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான். நாலரைக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தான்.

"அண்ணன் வூட்ல நாலு பேரு, தங்கச்சி வூட்ல மூணு பேரு வராங்க. இருபது போட்டுரு."

"நான் இன்னிக்கு கோயிலுக்குப் போறேன்னு சொல்லிகினே கீறேனே?"

"அடுத்த வருசம் போயேன். இன்னிக்கு சிலுவை நான்தான் தூக்கறேன், ஃபாதர் சொல்லிட்டாரு. வூட்ல ஒருத்தர் தூக்கினா வூட்டுக்கே சேரும்மே."

"கவுச்சிய விட்டது நீ ஒருத்தன். அதுவும் வூட்டுக்கே சேந்துச்சு. நான் வேண்டிக்கினது எதுல சேந்துச்சு?"

"இன்னாத்துக்கு பேஜார் பண்ற? ஜனங்க வராங்கோ, பசியோட வருவாங்கோ."

"புள்ள ஊசி மேல ஊசியா கெடந்தப்போ வேண்டிக்கினது நான்யா. நீ இல்ல."

அவன் சீப்பை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். சாராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் நாக்குக்காகத்தான் தன் வேண்டுதல் இப்படி வாராவாரம் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே பிசைந்தாள், தட்டினாள். இருபதையும் தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். கல்லை எடுத்து அடுப்பில் போட்டு, கேஸைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். முகத்தைக் கழுவி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தாள்.

கோயில் வளாகத்தைச் சுற்றிக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. முதல் நிலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றவர்களோடு மண்ணில் முழந்தாளிட்டபோது மகளின் வெளுத்த முகம் நினைவுக்கு வந்து கண் நிறைந்தது. மாதாவே, இப்போதுதான் வர முடிந்தது என்றாள் உள்ளுக்குள்.

நாலாவது நிலையில் அம்புரோஸ் அவளைப் பார்த்துவிட்டான். தோளில் ஆளுயரச் சிலுவை, நெற்றியில் வேர்வை, பார்க்கிறவர்களுக்கு உருக்கமாகத்தான் இருந்தது. அவளைத் தாண்டும்போது உதட்டை அசைக்காமல் கேட்டான்:

"அடுப்பாண்ட யாரு கீறா?"

சாரா தலையைக் குனிந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள். பதினான்கு நிலையும் நடந்தாள்.

ஏழரை மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. அண்ணன் நெல்சன் நாற்காலியில் சாய்ந்தபடி, "வாசனையே வரலியே" என்று சிரித்தார். கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து ஜெமிமாவும் வந்திருந்தாள். சாரா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து நெல்சனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாமே உக்காந்துட்ட? போடல?" என்றான் அம்புரோஸ். எல்லார் முன்னாலும் கேட்கிறோம் என்ற தைரியம்.

"ஃபிரிட்ஜில இருபது தட்டி வெச்சுகீறேன். கல்லு அடுப்பு மேலயே கீது. வெரதம் உன்னுது, நீ போய் சுடு."

நெல்சன் சிரிப்பதை நிறுத்தினார். அவர் மனைவி மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். அம்புரோஸ் அண்ணனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். யாரும் அவன் உதவிக்கு வராததால் வெள்ளைச் சட்டையோடே சமையலறைக்குள் போனான். எண்ணெய் சீறியது. வைத்த நிமிடமே கரண்டியைக் கொடுத்துப் புரட்டிவிட்டான் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"ஏய், ஒடையுது! எப்பமே திருப்பறது?"

"வாராவாரம் தின்னியே, கேட்டியா?" என்றாள் சாரா, இருந்த இடத்திலிருந்தே.

அடுப்படியில் கருகும் வாசனை கிளம்பியது. அப்போது ஜெமிமா துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வுடும்மா, நான் போய் போட்டுத் தரேன். அப்பாவுக்கு வராது."

சாரா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நவம்பரில் குளுக்கோஸ் ஏற்றிய அதே கை. வலிக்கும் என்று தெரிந்தும் இறுக்கிப் பிடித்து, மகளை இழுத்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"உக்காரு. நீ எழுந்து போயி அங்க நிக்கறதுக்காடி நான் வேண்டிக்கினேன்?"