தோல்வியில் பங்கு கேட்காதவன்

கோஸ்மஸ் சிபோயா என் மனைவியின் அண்ணன். மச்சான் மச்சானைக் கேலி செய்தால் எங்கள் பக்கத்தில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நான் இப்போது சொல்லப் போவது கேலி அல்ல.

எங்கள் ஊர் கிட்வேயில் சுரங்கத்துக் கிளப்புக்காக இருவரும் ஒன்றாகக் கால்பந்து ஆடினோம். நான் கோல்கீப்பர், அவன் முன்வரிசை. ஓட மாட்டான், யாருக்கும் பந்து கொடுக்க மாட்டான். பந்து எதிரணி கோலை நெருங்கும்போது மட்டும் பெருச்சாளி மாதிரி எங்கிருந்தோ முளைப்பான். பிறகு நாட்டு அணிக்கும் ஆடினோம். மலாவியுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் எங்களோடு ஆடிய சுரங்கத் தொழிலாளி சிமுக்கோண்டா நாலு பேரை ஏமாற்றிவிட்டு அடித்த பந்து, தானாகவே கோட்டைத் தாண்டப் போன நேரத்தில், இவன் கால் நுனியால் தொட்டான். கோல் இவன் பெயரில் எழுதப்பட்டது. சிமுக்கோண்டா பழையபடி சுரங்கத்துக்குள் இறங்கினான். கோஸ்மஸ் அந்தக் கால்விரலை வைத்தே அடுத்த முப்பது வருஷம் சாப்பிட்டான்.

ஆட்டம் ஓய்ந்த பிறகு அமைச்சர்கள் வீட்டுச் சாவுகளுக்கு முதல் ஆளாகப் போய் நின்றான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பதில் அவனுக்கு இணை கிடையாது. அப்படித் தூக்கித் தூக்கி, கடைசியில் தேசிய அணியையே அவன் கையில் தூக்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட ஒரு சொந்தக்காரன் தேவைப்பட்டதால், என்னைக் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளனாக வைத்துக்கொண்டான்.

உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு ஹராரே போயிருந்தோம். அன்று காலை சாப்பாட்டு மேசைக்கு நொண்டிக்கொண்டே வந்தான் கபாசோ. எங்கள் தடுப்பாட்டக்காரன், நாலாம் நம்பர் சட்டை, நல்ல பையன்.

"கோச், கணுக்கால் வீங்கியிருக்கு. திரும்பினா மடங்குது. எனக்குப் பதிலா வேற யாரையாவது எறக்குங்க."

"ஐஸ் வை. நாட்டுக்காக ஆடறவனுக்கு வலி என்னடா வலி?"

சளி பிடித்தாலே போர்வைக்குள் புகுந்துகொண்டவன் சொல்கிறான்!

"மச்சான், பையன் நடக்கவே முடியாம நிக்கிறான்" என்றேன்.

"நீ கோல்கீப்பர் கையப் பாரு மச்சான். கால நான் பாத்துக்கறேன்."

கடைசிக் கட்டம் வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். பிறகு அவர்களுடைய ஆள் ஒருவன் கபாசோவைத் தாண்டி ஓடினான். திரும்ப முயன்ற கபாசோ அப்படியே உட்கார்ந்துவிட, கோல் விழுந்தது. அதே இடத்தில் இன்னொரு கோலும் விழுந்தது. தோற்றோம்.

தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். கோஸ்மஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "என் திட்டத்துல குறையில்ல. ஒருத்தன் தூங்கிட்டான். பேர் சொல்றது எனக்கு அழகில்ல. நாலாம் நம்பர்."

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அந்தப் பேச்சு திரும்பிவிட்டது. சந்தையில் கபாசோவின் அம்மா கபெண்டா என்கிற பொடிமீன் கருவாடு விற்கிறவள். குடித்துவிட்டு வந்த கூட்டம் அவள் கடையைப் புரட்டிப் போட்டு, மீனை மண்ணோடு மிதித்துவிட்டுப் போயிருந்தது. என் மனைவி மொனிக்கா அங்கிருந்துதான் வந்தாள். கையெல்லாம் மண்.

"எங்கண்ணன் வாயிலேர்ந்து விழுந்த வார்த்தை, அந்தம்மா தலையில போயி விழுந்திருக்கு. போய் அவன கேளு."

போனேன். ஆட்டுக்கறிக் குழம்பில் ந்ஷிமா என்கிற சோளக்களியைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"காலு வலிக்குதுன்னு பையன் சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லிடு மச்சான். ஊரு அடங்கிடும்."

"கோச் மேல தப்புன்னா கோச்ச மாத்துவாங்க. ஆட்டக்காரன் மேல தப்புன்னா நாலு நாள் திட்டுவாங்க, மறந்துடுவாங்க. எது லேசு, நீயே சொல்லு. உக்காரு, கறி நல்லாருக்கு."

நான் உட்காரவில்லை.

அடுத்த ஆட்டம் எண்டோலாவில். அதற்கு முன் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் அவன் பக்கத்தில் என் நாற்காலி. ஹராரே தோல்வியைப் பற்றி ஒரு பெண் கேட்டாள். அவன் "நாலாம் நம்பர்" என்று ஆரம்பித்ததும் அவன் முன்னாலிருந்த மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"கால் மடங்குதுன்னு பையன் காலையிலயே சொன்னான். நான் பக்கத்துல இருந்தேன். இவன்தான் ஆடுன்னு சொன்னான்."

மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். நன்றாகத்தான் மிதித்தான், மைதானத்தில் அப்படி ஒரு நாளும் உதைத்ததில்லை.

சாயங்காலமே என் வேலை போயிற்று. மறுநாள் கபாசோவின் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"உன் மச்சான வெளிய அனுப்பிட்டாங்களாப்பா?"

"இல்லம்மா. என்னத்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கபாசோவை அணியிலிருந்து எடுத்திருந்தான் கோஸ்மஸ். ஆனால் எண்டோலாவுக்குக் கிளம்பும்போது கேப்டன் லுக்குண்டோ பஸ் வாசலில் நின்றுகொண்டான். "கபாசோ ஏறட்டும். கால் ஆறலன்னா ஓரமா உக்காந்து பாக்கட்டும். அவன் ஏறலன்னா நாங்க யாரும் ஏறல." கோஸ்மஸ் உடனே சிரித்தான். தானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

அந்த ஆட்டத்தை நான் சாராயக்கடை டிவியில் பார்த்தேன். கோஸ்மஸ் கோட்டோரம் நின்று கைகளை வீசிக் கத்துகிறான். மைதானத்தில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. லுக்குண்டோவே ஆட்களை இடம் மாற்றினான், முன்னால் அனுப்பினான், பின்னால் இழுத்தான். அருமையாக ஆடினார்கள். மூன்று கோல். "டேய், அந்தக் கோட்டு போட்டவன் யாருகூடடா பேசறான்?" என்று ஒருவன் கேட்க, கடையே அதிர்ந்தது.

ஆட்டம் முடிந்ததும் மைக் மறுபடி வந்தது. "வீட்டுல உக்காந்து நானே போட்ட திட்டம்" என்றான் கோஸ்மஸ். அதிகாரிகள் அவன் பதவியை நீட்டித்தார்கள்.

பாராட்டு விழா மேடையில் புகைப்படக்காரர்கள் கூடியிருந்தார்கள். கோஸ்மஸ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கபாசோவிடம் போய்க் கட்டிப்பிடித்தான். கபாசோ கைகளை பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. மரம் மாதிரி நின்றான்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் பெரிதாக வந்திருந்தது. மொனிக்கா அதன் கீழிருந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "தவறு செய்த வீரரை மன்னித்த பயிற்சியாளர்."

"பாவம் எங்கண்ணன்" என்றாள். "என்னா மனசு பாரு!"