அந்தோணிசாமி போட்ட கோல்

கல்கத்தாக்காரர்களுக்கு இனிஷியல் என்ற சங்கதியே விளங்காது. அங்கே கால்பந்து கிளப்பில் சேரப் போன அ. ஆரோக்கியராஜின் 'அ'வை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினான். அதோடு அப்பா பெயரே அவன் பெயராகிவிட்டது. பனியன் முதுகில் அந்தோணிசாமி, சான்றிதழில் அந்தோணிசாமி. எட்டு வருஷம் ஸ்ட்ரைக்கராக ஆடி அவன் போட்ட கோல்கள் எல்லாமே அந்தோணிசாமி போட்டவை. நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பு இறக்கிய அந்த மனுஷனோ ஆயுசுக்கும் பந்தைத் தொட்டதில்லை.

முட்டி போய், கடலூரில் வேலையற்றுக் கிடந்தவனுக்கு, 2010இல் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் பயிற்சியாளர் வேலை என்றதும்தான் உயிர் வந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த மாதம் அதைத் தாண்டிவிடுவான். இதுவும் போனால் வேறு கதியில்லை.

கல்லூரி அலுவலர் ஞானசேகரன் தாள்களையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் உங்கப்பா பேர்ல இருக்கே தம்பி? 2004லயே செத்தவரு, அடுத்த வருஷமும் கோல் போட்டிருக்காரா?"

"அது நான்தான் சார். அவரு மவன்தான்னு கையெழுத்துப் போட அம்மாவயும் கூட்டியாந்திருக்கேன்."

"மவன்னு அம்மா சொல்லுவாங்க. ஆடுனது நீங்கதான்னு யாரு சொல்றது? போட்டோவோட பேப்பர் எதுனா இருக்கா? சாயங்காலம் லிஸ்ட் போயிடும்."

இருந்தது, ஒன்றே ஒன்று. ஆறு வருஷமாக யாருக்கும் காட்டாமல் நாலாக மடித்து ஃபைலுக்கு அடியில் வைத்திருந்த இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டு. பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த சவரியம்மாளைப் பார்த்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தைரியத்தில் எடுத்து நீட்டினான்.

படித்த ஞானசேகரன் எழுந்தே நின்றுவிட்டார். நல்ல மனுஷர். அதுதான் வினையாகிப் போனது.

"அம்மா, கேட்டீங்களா? அப்பா செத்த சேதி காலையிலயே வந்துருக்கு. மனச கல்லாக்கிக்கிட்டு சாயங்காலம் பைனல்ல எறங்கி ரெண்டு கோல் போட்டிருக்காரு உங்க மவன். இந்த மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும்!"

ஜெபமாலை நின்றது.

"காலையிலயா?"

ஆட்டம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தான். பைனலில் இறங்காவிட்டால் அடுத்த வருஷ ஒப்பந்தம் இல்லை என்று மேனேஜர் மிரட்டியதை எந்த முகத்தோடு சொல்வது? அன்றைக்கு ஊரில் அவள், "எம்மவன் வந்துடுவான்" என்று மறுநாள் இருட்டும்வரை சவப்பெட்டியை மூடவிடாமல் சொந்தபந்தம் அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றிருக்கிறாள். அவன் வந்து பார்த்தது மண்மேட்டைத்தான்.

"அம்மா..." என்றான்.

ஞானசேகரன் உறுதிமொழித் தாளை நகர்த்தினார். சவரியம்மாள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அவரு மவன்தான் சார், எழுதிக் குடுத்துட்டேன். எனக்குப் புள்ளையான்னு மட்டும் கேக்காதீங்க."