மூன்று நாள் திறக்காத வழி

அலுவலகத்தில் கொடுத்த மடிக்கணினியை வசந்தி திறந்தபோது காலை ஒன்பது மணி. அலுவலக இணைப்பு கிடைக்காமல் இன்றோடு மூன்று நாள். காக்கநாட்டில் அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனம், ஆறு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் வி.பி.என். என்ற பாதுகாப்பு இணைப்பு கிடைத்தால்தான் மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து அலுவலகக் கோப்புகளைத் திறக்க முடியும். இன்று மதியத்துக்குள் இணையாவிட்டால் நாளை முதல் நேரில் வர வேண்டும் என்று மேலாளர் மஞ்சுஷா சொல்லிவிட்டாள்.

உள்ளறையில் அவள் கணவன் பிச்சைமணி கிடந்தான். பள்ளுருத்தியில் பெயின்ட் அடிக்கும்போது ஏணி சரிந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மூன்று வாரமாக அவள் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை.

தன் போனிலிருந்து கணினிக்கு நெட் கொடுத்துவிட்டு, அவன் போனிலிருந்து நிறுவனத்தின் உதவிப் பிரிவை அழைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணராமன் என்பவர் பேசினார்.

"பழைய வி.பி.என். சாஃப்ட்வேர எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்."

"நேத்து நாலு தடவ செஞ்சாச்சு சாரே."

"இன்னும் ஒரே ஒரு தடவ."

கணினி அணைந்து எழுவதற்குள் அவள் உள்ளே போய்ப் பிச்சைமணியின் தோளுக்கடியில் கை கொடுத்துப் புரட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நீ ஆபீஸுக்குப் போய்க்கோ. நான் தனியா கெடந்துக்குவேன்."

"யாரு குடிக்க வெள்ளம் தருவா? பேசாம மிண்டாம கெடங்க."

திரும்பி வந்து மென்பொருளை மறுபடி நிறுவினாள். முகவரி, பெயர், கடவுச்சொல், போனுக்கு வந்த ஆறு எண்கள். பட்டை முக்கால்வாசி நிறைந்து நின்றது. சான்றிதழ் செல்லாது என்ற அதே சிவப்பு எழுத்து.

"அதேதான் வருது."

கல்யாணராமன் அந்த எழுத்தை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு, "வலது பக்கம், கீழ் மூலையில என்ன தேதி காட்டுது மேடம்?" என்றார்.

"ஜனுவரி ஒண்ணு. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது."

"அய்யோ. ரொம்ப நாள் சும்மா கெடந்த சிஸ்டத்தக் கொடுத்திருக்காங்க. தேதி தப்பா இருந்தா சான்றிதழ ஏத்துக்காது. இத முதல் நாளே நாங்க கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க மேடம்."

கோபப்பட அவளிடம் தெம்பில்லை. "எங்க மாத்தணும்?" என்று மட்டும் கேட்டாள்.

தேதியை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது வர முக்கால் மணி நேரமாயிற்று. பதினொன்று நாற்பதுக்கு இணைப்பு கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு இழப்பீட்டு விண்ணப்பங்கள் வரிசையாக இறங்கின. முதலாவது, குளியலறையில் வழுக்கி விழுந்த ஒருவருடையது.

"வந்துட்டேன்" என்று மஞ்சுஷாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சாயா எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கனெக்ஷன் கிட்டிச்சா?" என்றான் பிச்சைமணி.

"கிட்டிச்சு."

"அப்போ நாளைக்கும் நீ இங்கதான்?"

"ஆமா."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடியை விடவில்லை. கண்ணோரம் நனைந்திருந்தது. போ போ என்று காலையில் விரட்டியவன் எவ்வளவு பயந்து கிடந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாயா ஆறியது.

திரும்பி வந்தபோது, வெகுநேரம் கணினியை யாரும் தொடாததால் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. வசந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடவுச்சொல்லை மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.