நிஜம் என்று சொன்னவள்

பாக்கு மரத்திலிருந்து விழுந்தவராக நடிக்கத் திம்மப்ப ஷெட்டியை விட்டால் கர்நாடக மலையோரச் சுள்ளியா பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. யக்ஷகான ‘மேளம்’ என்னும் கூத்துக் குழுவில் ராட்சச வேஷம் கட்டுகிறவர். மழைக்காலத்தில் ஆட்டம் இல்லை என்பதால், நர்சிங் கல்லூரிப் பெண்கள் முதலுதவிப் பயிற்சி முகாமுக்கு வந்தால் அவர்தான் நோயாளி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த ரத்தத்தை நெற்றியில் பூசிக்கொண்டு அவர் போடும் கூச்சலில் தோட்டத்து நாய்கள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும்.

கல்லூரியின் எண்ணம் நல்லதுதான். நகரத்து ஆஸ்பத்திரியில் மணியை அழுத்தினால் டாக்டர் வருவார். இந்த மலையில் கூப்பிட்டால் அட்டைப்பூச்சிதான் வரும். அதனால் கையில் அகப்பட்டதை வைத்துச் சமாளிக்கப் பழகவேண்டும். பாக்கு மட்டையை உடைந்த காலுக்குக் கட்டு, ஏணியில் படுக்கவைத்துத் தூக்கு. விதி ஒன்றே ஒன்று: நடுவில் யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது ஆனால் ‘நிஜம்’ என்று கத்தவேண்டும். உடனே எல்லாம் நின்றுவிடும்.

போன வருஷம் ஜசிந்தா லோபோ என்ற மாணவி கத்தினாள். ஷெட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டதைப் பார்த்ததும் தொண்டை கிழியக் கத்தினாள். ஆம்புலன்ஸ் சேற்றில் தள்ளாடி ஏறி வந்தபோது, ஷெட்டி எழுந்து உட்கார்ந்து, இல்லாத மீசையை முறுக்கிச் சிரித்தார். “எப்படி நம்ம நடிப்பு?” என்றார். ஊரே கை தட்டியது. முகாமில் அவளுக்குத் தேர்ச்சி இல்லை. விடுதியில் அவளுக்கு ‘நிஜம்’ என்றே பெயர் விழுந்தது.

இந்த வருஷம் இளையவர்களோடு மறுபடி வந்திருக்கிறாள். இப்போதும் கோட்டை விட்டால் படிப்புக்கு முழுக்குத்தான். மங்களூரில் அக்காவின் தையல் கடை காத்திருக்கிறது.

“அய்யோ, என் காலு போச்சே!” என்று மரத்தடியில் ஷெட்டி கர்ஜித்தார். சுற்றிலும் நின்ற ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். மேளத்து முதலாளி சங்கப்ப ரையும் குடையை ஊன்றிக்கொண்டு ரசித்தார்.

ஜசிந்தா மட்டையைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது கூச்சல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஷெட்டியின் மேலுதட்டில் வியர்வை. நெற்றியில் பூசிய சிவப்பு வழிந்து காதுக்குள் இறங்கியது. குளிரில் அவள் பற்களே தந்தியடிக்கின்றன. இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்து வியர்க்கிறது?

“ஷெட்ரே, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்லம்மா. வாயு.”

மறுபடியும் ஏமாறாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போன முறை பார்த்த மாத்திரத்தில் கத்தியதுதான் தப்பு. இம்முறை மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஜில்லென்றிருந்தது. நாடி ஓடியது, தடுமாறியது, மறுபடி ஓடியது.

அவள் வாய் திறப்பதைப் பார்த்து ஷெட்டி அவள் கையை இறுகப் பற்றினார். “கத்தாதே, உன் கால்ல விழறேன். முதலாளி பாத்துட்டு நிக்கிறாரு. நெஞ்சு வலின்னு தெரிஞ்சா அடுத்த ஆட்டத்துக்கு என்னைச் சேர்க்க மாட்டாரு.”

ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற மனிதர், பக்கத்திலிருப்பவளுக்கு மட்டுமே எட்டும் குரலில் கெஞ்சினார். நடிக்கிறவன் எதற்குக் குரலைத் தாழ்த்துவான்?

“நிஜம்!”

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கொல்லென்ற சிரிப்பு. “இந்தப் பொண்ணு திருந்தவே மாட்டாளா!” என்றார் யாரோ. “ஷெட்ரே, போதும், எழுந்திரிங்க!”

ஆசிரியை வசந்தி முகம் சிவக்க வந்தார். “ஜசிந்தா, திரும்பவுமா?”

“கையைத் தொட்டுப் பாருங்க மேடம். என்னைத் திட்டறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க.”

வசந்தி குனிந்து தொட்டார். அவர் முகம் மாறியது. “மாத்திரைப் பையைக் கொண்டா. யாருப்பா அங்க, ஜீப்பை எடுங்க!”

ஆஸ்பிரினை மென்று தின்னச் சொல்லி ஷெட்டியின் வாயில் போட்டாள் ஜசிந்தா. நடக்கவே கூடாதென்று ஏணியில் சாய்த்துத் தூக்கினார்கள். அப்போதும் பின்னால் இருந்தவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கப்ப ரை மட்டும் குடையை மடக்கிவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார்.

ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஷெட்டி கண்ணைத் திறந்தார். “அம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“பேசக் கூடாது.”

“போன வருஷமும் நடிக்கலம்மா. வலிதான். கொஞ்ச நேரத்துல விட்டுப்போச்சு. முதலாளிக்குத் தெரியக்கூடாதுன்னு எழுந்து சிரிச்சேன்.”

ஒரு வருஷம். எத்தனை கேலி, எத்தனை அழுகை. பிடித்திருந்த அவர் கையை உதறிவிடவேண்டும் போல ஜசிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது.

“வாயை மூடுங்க ஷெட்ரே. முதல்ல பிழைச்சு வாங்க. அப்புறம் உங்களை ஊர் நடுவுல நிக்கவெச்சுத் திட்டறேன்.”

ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவள் அவருடைய நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அது தடுமாறித் தடுமாறித் துடித்துக்கொண்டேதான் இருந்தது.